வாரிசு இருந்தும் பட்டம் முடிவது எப்படி? நெல்லைச் சீமை ஜமீன்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

சிங்கம்பட்டி ஜமீன்தார் டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே 24 அன்று தமது 88-ஆம் வயதில் காலமானார். தமிழ்நாட்டில் முடிசூட்டப்பட்ட கடைசி ஜமீன்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்தவர்களுக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு அவர் எப்படிக் கடைசி?

அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று பரம்பரைப் பட்டம் தானாக இறங்கிக்கொண்டே போகும், வாரிசு இல்லாமல் போனால் நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நெல்லைச் சீமை வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. இங்கே பிள்ளையில்லாத குறையால் ஒழிந்த பட்டம் மிக அரிது. யாருக்கு அடுத்து யார் என்று சொல்லும் விதி ஒன்று இருக்கும். அந்த விதிக்குப் பின்னால் ஓர் அதிகாரம் நிற்கும். அந்த அதிகாரம் விலகிய அன்று, வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் பட்டம் முடிந்தது. இதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. எட்டயபுரம் அரண்மனையில் பதினொரு வயதுப் பையன் சுப்பையாவுக்கு 'பாரதி' என்ற பட்டம் கிடைத்தது. அது அவருடைய புலமைக்குக் கிடைத்தது. அவரோடு தொடங்கியது, அவருக்கே உரியது. அதே அரண்மனையில் 'எட்டப்பன்' என்ற பட்டம் தலைமுறை தலைமுறையாக ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது. முன்னது ஆளுக்குக் கொடுத்தது, பின்னது குடும்பத்துக்குக் கொடுத்தது. நாம் பேசப்போவது பின்னதைப் பற்றி மட்டும். கட்டபொம்மன் என்பதும் அப்படிப்பட்ட குடும்பப் பட்டம்தான். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டவரின் பெயர் வீரபாண்டியன். அவருக்கு முன்னால் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்தவர்களும் கட்டபொம்மன்தான்.

நாயக்கர் காலத்துப் பாளையங்களில் பட்டம், நிலம், கடமை மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. பாளையக்காரர் என்றால் படை வைத்திருக்க வேண்டும், காவல் பார்க்க வேண்டும், மேலே கப்பம் கட்ட வேண்டும். பாளையக்காரப் போர்கள் முடிந்ததும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசு படையையும் காவலையும் பறித்துக்கொண்டது. 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ரெகுலேஷன்படி, மிஞ்சியிருந்த பாளையக்காரர்களுக்கு 1803-ல் சன்னது என்ற உரிமைப் பத்திரம் கொடுத்து அவர்களை ஜமீன்தார் ஆக்கியது. ஆண்டுதோறும் 'பேஷ்குஷ்' என்ற நிலையான தொகையைக் கட்டினால் போதும், ஜமீன் பரம்பரையாக அவர்களுடையது. அன்றுமுதல் பட்டத்துக்கு அடியில் இருந்தது வாள் இல்லை, ஒரு பத்திரம். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த மாற்றம்தான் வேர்.

யாருக்கு அடுத்து யார்?

சாதாரணக் குடும்பத்தில் அப்பா போனால் நிலத்தை அண்ணன் தம்பிகள் பங்கு வைத்துக்கொள்வார்கள். ஜமீன் அப்படிப் பங்கு வைக்க முடியாத சொத்து. மொத்தமும் ஒருவருக்கே போகும். அவரே பட்டத்துக்கு வருவார். மற்ற சகோதரர்களுக்கு ஜீவனாம்சம் உண்டு, ஜமீனில் பங்கு கிடையாது.

அந்த ஒருவர் யார்? மூத்த மகன். இதுவரை எல்லாருக்கும் தெரியும். சிக்கல் இதற்கு மேல்தான். ஒரு ஜமீன்தாருக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் தந்தை இருக்கும்போதே இறந்துவிட்டார். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகன். நடுப்பிள்ளை நாற்பது வயது ஆள், ஜமீன் வேலை எல்லாம் தெரிந்தவர். பெரியவர் கண்ணை மூடினால் பட்டம் யாருக்கு? ஐந்து வயதுப் பேரனுக்கு. காரணம், விதி ஆளை எண்ணுவதில்லை, கிளையை எண்ணுகிறது. மூத்த கிளையில் ஓர் ஆண் இருக்கிற வரையில் அடுத்த கிளைக்கு முறை வராது. நாற்பது வயதுச் சித்தப்பா அந்தச் சிறுவன் முன்னால் நின்று பட்டம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஜமீன் குடும்பங்களின் பங்காளிச் சண்டைகள் பலவற்றுக்கு விதை இந்த இடத்தில்தான் விழுந்தது.

சிறுவன் பட்டத்துக்கு வந்தால் நிர்வாகம் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பின் கைக்குப் போகும். பையன் சென்னைக்குப் படிக்கப் போவான். தேனாம்பேட்டைப் பக்கம் இருந்த நியூயிங்டன் பள்ளி இப்படிப்பட்ட மைனர் ஜமீன்தார்களுக்காகவே நடந்தது. அந்தப் பள்ளியின் பெயர் பின்னால் மறுபடி வரும்.

இன்னொரு சிக்கல், இரண்டு மூன்று தாரம். இளைய தாரத்துக்கு முதலில் மகன் பிறந்து, மூத்த தாரத்துக்குப் பிறகு பிறந்தால்? பொது விதி, எந்தத் தாரத்துக்குப் பிறந்தாலும் முதலில் பிறந்தவனே மூத்தவன் என்பது. 'எங்கள் குடும்ப வழக்கம் வேறு' என்று யாரேனும் சொன்னால் அதை அவர் நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது என்பதற்கு இந்தியா முழுமைக்கும் அளவுகோல் வகுத்துக் கொடுத்தது நம்மூர் வழக்குதான். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காடு ஜமீன், சேதுராயர் பட்டம். அந்த வாரிசு வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1872-ல் தீர்ப்பு வந்தது. பொதுச் சட்டத்தை மாற்றும் குடும்ப வழக்கம் தொன்மையானதாக, இடையில் மாறாததாக இருக்க வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும் என்றார்கள். இன்றுவரை 'வழக்கம்' பற்றிய வழக்குகளில் ஊர்க்காட்டுத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஒரு சிற்றூரின் குடும்பச் சண்டை இவ்வளவு தூரம் போனது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிள்ளையே இல்லாவிட்டால்?

இங்கேதான் நம் முறை அருமையானது. சுவீகாரம், அதாவது தத்து, எடுக்கலாம். சுவீகாரப் பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளைக்குள்ள உரிமை உண்டு. ஜமீன்தார் சுவீகாரம் எடுக்காமலே இறந்துவிட்டால்கூட வழி அடைந்துவிடாது. பக்கத்துச் சீமையான ராமநாதபுரத்தில் அப்படித்தான் நடந்தது. கணவன் உயிரோடு இருக்கும்போது அனுமதி தரவில்லை. ஆனாலும் பங்காளிகளின் சம்மதத்தோடு ராணி பர்வதவர்த்தினி ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது, வாரிசில்லாத ஜமீன் அரசுக்கே சேர வேண்டும் என்று வழக்காடியது மதுரை கலெக்டர். 1868-ல் பிரிவி கவுன்சில் சுவீகாரம் செல்லும் என்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டில் எழுதிய சட்டத்தைவிட வலுவானது என்ற புகழ்பெற்ற கூற்று அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. தென்னாட்டில் கைம்பெண் ஒருவர் சுவீகாரம் எடுக்கும் உரிமைக்கு அது காப்பாக நின்றது.

பெண்களுக்கே ஜமீன் போனதும் உண்டு. சிவகங்கையைத் தம் காலத்தில் தாமே பெற்றவர் கௌரி வல்லபர். அவர் 1829-ல் இறந்தபின் அண்ணன் வழியினர் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கில் 1863-ல் வென்றவர் அவருடைய மகள் காத்தம நாச்சியார். அப்பா தாமே சம்பாதித்த சொத்து, ஆகவே பங்காளிக்கு முன்னால் அவருடைய நேர் குடும்பம் என்பது காரணம்.

மேற்கே மலையைத் தாண்டினால் விதி தலைகீழ். திருவிதாங்கூரில் மன்னரின் மகனுக்குப் பட்டம் கிடையாது; சகோதரியின் மகனுக்குத்தான். செங்கோட்டை அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தென்காசியில் இருந்தவர்களுக்கு ஒரு முறை, சில கல் தள்ளி செங்கோட்டையில் ஆண்டவர்களுக்கு இன்னொரு முறை. அந்த வம்சத்தில் பெண் பிள்ளை இல்லாமல் போனால்தான் ஆபத்து. அதனால் அவர்கள் பெண்களைச் சுவீகாரம் எடுத்தார்கள். 1900-ல் இரண்டு சிறுமிகளை எடுத்தார்கள். அவர்களில் ஒருவரின் மகன்தான் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள்.

வாரிசு தீர்ந்தால் பட்டமும் தீரும் முறை எங்கே இருந்தது என்றால், நம்மை ஆண்ட இங்கிலாந்தில். அதற்கு எடுத்துக்காட்டை வெளியே தேட வேண்டாம், நெல்லைப் பாளையங்களின் வரலாற்றிலேயே ஓர் ஆள் இருக்கிறார். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும் இவர் காலத்தில். 1801 டிசம்பரில் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டவர் இவரே. அதே 1801 ஜனவரியில் இங்கிலாந்தில் இவருடைய மைத்துனர், போவிஸ் பிரபு, திருமணம் ஆகாமலே இறந்துபோனார். பட்டத்தைக் கொடுத்த அரசப் பத்திரத்தில் 'உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு' என்று இருந்தால் சுவீகாரப் பிள்ளைக்கு இடமில்லை, உடன்பிறந்தவளுக்கும் இடமில்லை. போவிஸ் பட்டம் அன்றோடு அழிந்தது. சொத்து வேறு, பட்டம் வேறு என்பதை இங்கே கவனியுங்கள். 1804-ல் அரசர் அதே பெயரில் ஒரு புதுப் பட்டத்தை உண்டாக்கி எட்வர்டு கிளைவுக்குக் கொடுத்தார். பழையது உயிர்த்ததாகக் கணக்கில்லை; புதியது முதல் பிரபுவிலிருந்து மறுபடி எண்ணப்பட்டது.

அந்தக் குடும்பத்தில் பிறகு நடந்த ஒன்று இன்னும் நல்ல பாடம். நாலாவது போவிஸ் பிரபுவின் இரு மகன்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள். மகன்களில் ஒருவருக்குத் தாய் வழியில் 'டார்சி டி நெய்த்' என்ற பழைய பட்டம் ஒன்று வந்திருந்தது. அது பெண்களுக்கும் இறங்கக்கூடியது. 1943-ல் அவர் இறந்ததும் அது அவருடைய சின்னஞ்சிறு மகளுக்குப் போனது. தாத்தா 1952-ல் இறந்தபோது போவிஸ் பட்டம் அந்தப் பேத்தியைத் தாண்டி, தூரத்துப் பங்காளி ஒருவருக்குப் போனது. ஒரே குழந்தை, இரண்டு பட்டம், ஒன்றுக்கு வாரிசு, மற்றதற்கு இல்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாம்.

நெல்லையில் பட்டங்கள் முடிந்த விதம்

சுவீகாரம் இருந்ததால் இங்கே பட்டம் அந்த வழியில் முடியவில்லை என்று பார்த்தோம். பிறகு எப்படி முடிந்தது? மூன்று வழிகளில்.

முதல் வழி பறிமுதல். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களையும் கும்பினி பறித்தது. பாஞ்சாலங்குறிச்சியில் வாரிசு இல்லாமல் போகவில்லை. ஊமைத்துரை இருந்தார், 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பி வந்து இடிந்த கோட்டையைச் சில நாளில் எழுப்பி, மே மாதம் வரை தாக்குப்பிடித்தார். அந்த நவம்பரில் அவரையும் தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கி, நிலத்தை எட்டயபுரம் உள்ளிட்ட தங்கள் பக்கம் நின்ற பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் மக்கள் கும்மியிலும் கதைப்பாடலிலும் கட்டபொம்மன் பட்டத்தை இறக்கவே இல்லை. அரசு அங்கீகரித்த எட்டப்பன் பட்டமோ ஊர்வாயில் வசைச்சொல்லாகிப் போனது. பத்திரம் கொடுப்பதும் எடுப்பதும் அரசின் கையில் இருந்தது. மரியாதை அரசின் கையில் இல்லை.

இரண்டாவது வழி கடன். தசராவும் வழக்கும் வேட்டையும் விருந்துமாக ஜமீன்கள் கடனில் மூழ்கின. சிவகிரி ஜமீனில் தந்தை வாங்கிய கடனுக்காக மகன் கையிலுள்ள ஜமீனைப் பிடிக்கலாமா என்ற வழக்கு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பரம்பரைச் சொத்தானாலும், தகாத காரியத்துக்கு வாங்கிய கடனாக இல்லாவிட்டால், ஜமீன் அதற்குப் பொறுப்பு என்று 1882-ல் தீர்ப்பானது. பெயரில் பங்கு போட முடியாத ஜமீன், கடன்காரன் முன்னால் ஏலத்துக்கு வரக்கூடிய சொத்தாகிவிட்டது. இப்படியே போனால் பழைய குடும்பங்கள் எதுவும் மிஞ்சாது என்று சென்னை அரசு 1904-ல் பிரிக்கவியலா எஸ்டேட்டுகள் சட்டம் கொண்டுவந்து, ஜமீன்தார் தம் ஆயுளுக்கு மேல் சொத்தை ஈடு வைப்பதற்கும் விற்பதற்கும் வரம்பு கட்டியது.

சிங்கம்பட்டியும் கடனில் சிக்கியதுதான். முன்னே சொன்ன நியூயிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே 1919 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்த சிங்கம்பட்டி வாரிசும் அந்த வழக்கில் சிக்கினார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டது. அந்த வழக்குக்குச் செலவான பணம்தான் ஜமீனைச் சாய்த்தது என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சொல்வார்கள். 1929-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 8,374 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போனது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பிறந்தது அப்படித்தான்.

மூன்றாவது வழி சட்டம். அதுதான் மிச்சமிருந்த எல்லாவற்றையும் முடித்தது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சென்னைச் சட்டம் ஜமீன் எஸ்டேட்டுகளை ஒழித்து, உழவர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. சிங்கம்பட்டியை 1952-ல் அரசு எடுத்துக்கொண்டது. இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. ஜமீனுக்குக் கொடுத்த நஷ்டஈட்டில் கடன்காரருக்கும் ஜீவனாம்சக்காரருக்கும் போக மீதியை, கூட்டுக் குடும்பம் பாகம் பிரித்ததுபோல் உரியவர்களுக்குப் பங்கு வைக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டாக 'பங்கு கிடையாது' என்று கேட்டுப் பழகிய தம்பிமார் வீடுகளுக்கு முதன்முறையாகப் பங்கு வந்தது. ஜமீன் ஒழிப்பில் உழவர்களுக்குக் கிடைத்த நியாயத்தை எல்லாரும் எழுதுகிறார்கள். அரண்மனைக்குள்ளேயே நடந்த இந்தச் சின்ன நியாயமும் எழுதப்பட வேண்டியது.

மிச்சத்தை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் முடித்தது. ஒருவருக்கே மொத்தமும் என்ற வழக்கம் இனிச் செல்லாது. சமஸ்தான மன்னர்கள் இந்திய அரசோடு செய்த உடன்படிக்கைகளால் ஒருவருக்கே இறங்கும் சொத்து முதலிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஜமீன்தார்கள் சமஸ்தான மன்னர்கள் அல்லர்; தமிழ்நாட்டுக்குள் அந்த வகையில் புதுக்கோட்டை ஒன்றுதான் இருந்தது. மன்னர் மானியமும் ஜமீன்களுக்கு என்றுமே கிடையாது. அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவின்படி, ராணுவ, கல்விச் சிறப்புகள் நீங்கலாக அரசு எந்தப் பட்டமும் வழங்க முடியாது. ஆகவே ஒரு ஜமீன் வாரிசு இன்று 'ராஜா' என்று போட்டுக்கொண்டால், அது ஊரார் அன்பில் அழைக்கும் பெயர். சட்டத்தில் அதற்கு எடை இல்லை.

சிறு வயதிலேயே பட்டம் கட்டப்பட்ட தீர்த்தபதி 'கடைசி' ஆனது இதனால்தான். அவருக்கு முடிசூட்டியபோது அந்த முடியை ஏற்றுக்கொள்ளும் சட்டம் இருந்தது. அவர் இறந்தபோது அடுத்தவருக்குச் சூட்டுவதை ஏற்கும் சட்டம் இல்லை.

பட்டம் போன பிறகு மிஞ்சியது

ஜமீன் வீடுகளில் இன்றும் உயிரோடு இருப்பது கோயில் மரியாதை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் போனவர்கள், தீர்த்தபதி ராஜ உடையில் அமர்ந்து தரிசனம் தந்த காட்சியைப் பார்த்திருப்பார்கள். நிலம் போய் அறுபது ஆண்டுக்கு மேலான பின்னும் மக்கள் அதை விடவில்லை. மலையேறி வந்த கூட்டம் எந்தச் சன்னதையும் கேட்கவில்லை.

இது வெறும் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 'பரம்பரை அறங்காவலர்' என்ற நிலையை ஏற்கிறது. வழக்கப்படி ஒருவருக்குக் கோயிலில் மரியாதை உண்டா என்ற தகராறு வந்தால், அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் அறநிலையத்துறை அதிகாரி விசாரித்து முடிவு சொல்வார். பரிவட்டம் யாருக்கு முதலில் என்று அடிதடிக்குப் போவதற்கு முன் இந்த வாசல் இருப்பதை நம் ஊர்க்காரர்கள் பலர் அறிவதில்லை.

திருவிதாங்கூர் குடும்பம் இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றத்திலேயே நிலைநாட்டியது. 1971-ல் 26-ஆவது திருத்தம் மன்னர் என்ற அங்கீகாரத்தை நீக்கியது. சித்திரைத் திருநாள் 1991-ல் இறந்தார். அதோடு பத்மநாபசுவாமி கோயிலில் குடும்பத்தின் உரிமையும் போய்விட்டது என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆட்சிப் பட்டம் ஒழிந்தாலும் கோயிலைப் பேணும் உரிமை குடும்ப வழக்கப்படி அடுத்தவருக்கு இறங்கும் என்றது.

ஜமீன் நமக்கு எட்டாத பேச்சு என்று தோன்றினால், உங்கள் தாத்தா காலத்தை நினைத்துப் பாருங்கள். கர்ணம், கிராம முன்சீப் வேலைகளும் பரம்பரையாக இறங்கியவைதான். அரசு வேலையைப் பிறப்பால் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1961-ல் சொன்னது. 1980-ல் தமிழ்நாடு அரசு அந்தப் பதவிகளையே எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. பல வீடுகளில் 'கர்ணம் வீடு' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

மாஞ்சோலைக் குத்தகையின் 99 ஆண்டு 2028-ல் முடிகிறது. அந்தக் காடு மறுபடி ஜமீன் வாரிசுகளுக்குப் போகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகாது. 1952-ல் ஜமீன் ஒழிந்தபோதே குத்தகைக்குக் கொடுத்தவரின் இடத்தில் அரசு வந்துவிட்டது. கம்பெனி 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்டத்தை மூட முற்பட்டபோது, அவர்கள் வழக்காடியதும் அரசிடம் கோரிக்கை வைத்ததும் அதனால்தான். நான்கு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு எந்தச் சன்னதும் இல்லை. அந்த மலையில் அவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்குத்தான் இன்னும் முடிவான பதில் வர வேண்டியிருக்கிறது.